டாக்டர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்?

நோயாளியின் அறைக்கு வெளியே, நடைபாதையில் மகள் டாக்டரை மறித்துக்கொண்டு நிற்கிறாள். கையில் ஸ்கேன் அறிக்கை. "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர். புற்றுநோய் என்று கேட்டாலே உடைந்துபோவார். குடல் புண் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்." கதவுக்கு அந்தப் பக்கம் 70 வயதுக்காரர் ஒருவர், நினைவு தெளிவாக, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு டாக்டர் இப்படிச் சொல்வார்: "அறிக்கை அவருடையது அம்மா. அவருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்ததே தவறு." இன்னொரு டாக்டர் தலையசைத்துவிட்டு உள்ளே போய், வயிற்றில் புண் இருப்பதாகச் சொல்லிவிட்டு வருவார். முதலாமவருக்கு இரண்டாமவர் பொய்யர். இரண்டாமவருக்கு முதலாமவர் ஈரமில்லாதவர். இருவருமே நல்ல டாக்டர் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று மனமார நம்பித்தான் செய்கிறார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நெறி என்றால் எது?

ஆங்கிலத்தில் புரொஃபஷனலிசம் என்கிறார்கள். தமிழில் தொழில்நெறி என்று வைத்துக்கொள்வோம். திறமை வேறு, நெறி வேறு. கத்தியைச் சரியாகப் பிடிப்பது திறமை. அந்தக் கத்தியை எப்போது எடுக்கக் கூடாது, யாரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், தவறு நேர்ந்தால் யாரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் நெறி.

புரொஃபஷன் என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. வெளிப்படையாக அறிவிப்பது என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது அது. ஆங்கிலத்தில் முதலில் அது எந்த வேலையையும் குறிக்கவில்லை. துறவு மடத்தில் சேர்பவர் எல்லோர் முன்னிலையிலும் எடுத்துக்கொள்ளும் விரதத்தைத்தான் குறித்தது. தொழில் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. "தொழிலில் மதத்தைக் கலக்காதீர்கள்" என்று சொல்பவர்களின் வாயிலும் அந்தப் பழைய விரதச் சொல்தான் இருக்கிறது.

இன்று மருத்துவக் கல்லூரிகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் நெறி ஆவணம் 2002இல் வெளியான மருத்துவர் சாசனம். அமெரிக்க, ஐரோப்பியப் பொது மருத்துவ அமைப்புகள் சேர்ந்து எழுதியது. அதில் மூன்று அடிப்படைகள்: நோயாளியின் நலனே முதலில், தன்னைப் பற்றிய முடிவை எடுக்கும் உரிமை நோயாளிக்கு, மருத்துவம் எல்லோருக்கும் நியாயமாகப் போய்ச்சேர வேண்டும். இதன் கீழே பத்துப் பொறுப்புகள்.

படிக்கும்போது இதை யார் மறுப்பார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் நடைபாதையில் நிற்கும் மகளுக்கு இதில் இடம் எங்கே? திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயாளி, அவரைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் இதே நான்கைத்தான் சொல்கிறது. சாசனத்தின் அடிப்படைகளில் அந்த நான்காவது ஆளைக் காணவில்லை. எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. தனிமனிதரை மையத்தில் வைக்கும் ஒரு பண்பாட்டில் அமர்ந்து எழுதினார்கள். அங்கிருந்து பார்த்தால் படுக்கையில் ஒருவர்தான் தெரிவார்.

யார் முன்னால் சத்தியம்?

ஒரு பண்பாடு மருத்துவரிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த சுருக்கமான வழி, அது அவரை யார் முன்னால் சத்தியம் செய்யவைக்கிறது என்று பார்ப்பது.

ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க உறுதிமொழி அப்போலோ, அஸ்கிலேபியஸ், ஹைஜியா, பனாசியா ஆகிய தெய்வங்களைச் சாட்சிக்கு அழைத்துத்தான் தொடங்குகிறது. கேட்டாலும் விஷம் கொடுக்க மாட்டேன், வீடுகளில் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்பவை அதன் புகழ்பெற்ற வரிகள். குருவின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்றுக்கொடுப்பேன், உறுதிமொழி ஏற்காத வெளியாருக்குக் கற்றுக்கொடுக்க மாட்டேன் என்ற வரிகளும் அதில் உண்டு. அவற்றை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. (எல்லோரும் மேற்கோள் காட்டும் "முதலில் தீங்கு செய்யாதே" என்ற வாசகமோ அந்த உறுதிமொழியில் அப்படியே இல்லை.)

சரக சம்ஹிதையில் மாணவன் தீயின் முன்னால், அந்தணர்களும் வைத்தியர்களும் சூழ்ந்திருக்க, குருவின் கட்டளைகளை ஏற்கிறான். உன் உயிருக்கோ பிழைப்புக்கோ ஆபத்து வந்தாலும் நோயாளியைக் கைவிடாதே. இரவும் பகலும் அவன் நலத்துக்காகவே முயற்சி செய். போன வீட்டின் விஷயங்களை வெளியில் பேசாதே. இவற்றை இன்றைக்கும் எந்த மருத்துவமனைச் சுவரிலும் எழுதி வைக்கலாம். அதே மூச்சில் வேறு சிலவும் வருகின்றன: அரசன் வெறுப்பவர்களுக்கும் அரசனை வெறுப்பவர்களுக்கும் வைத்தியம் செய்யாதே, கணவனோ காப்பாளனோ உடனில்லாத பெண்ணுக்கு வைத்தியம் செய்யாதே, நோயாளியின் ஆயுள் முடியப்போவது தெரிந்தாலும், சொன்னால் அவரோ மற்றவரோ அதிர்ந்துபோவார்கள் என்றால் சொல்லாதே.

கடைசிக் கட்டளையைக் கவனியுங்கள். நடைபாதை மகள் கேட்டது அதையேதான். அரசனைப் பற்றிய கட்டளை அந்தக் காலத்து அதிகாரத்தின் குரல், பெண்ணைப் பற்றியது அந்தக் காலத்துக் குடும்பத்தின் குரல், கைவிடாதே என்பதோ காலத்தைத் தாண்டி நிற்பது. மூன்றும் ஒரே புனிதத்தோடு, ஒரே தீயின் முன்னால் சொல்லப்பட்டன. எது நெறி, எது காலத்தின் வழக்கம் என்று அங்கே நின்ற மாணவனுக்குப் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. நமக்கும் நம் காலத்து நெறிகளில் அந்தப் பிரிவினை முழுதாகத் தெரியும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை. இந்தியாவில் 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இந்தச் சரக உறுதிமொழியின் திருத்திய வடிவத்தை மருத்துவ மாணவர்களுக்குப் பரிந்துரைத்தபோது ஆதரவும் எதிர்ப்பும் ஒருசேர எழுந்ததில் வியப்பில்லை. உறுதிமொழியை மாற்றினால் சாட்சியும் மாறுகிறது.

7ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் சுன் சிமியாவ், வருபவர் பணக்காரரா ஏழையா, பகைவரா நண்பரா, சீனரா அந்நியரா என்று பாராமல் எல்லோரையும் நெருங்கிய உறவாகவே கருத வேண்டும் என்று எழுதினார். அவரிடம் பௌத்தத்தின் தாக்கம் ஆழமானது. மருந்துக்காக உயிரினங்களைக் கொல்வதையும் அவர் தவிர்த்தார்: ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரைக் காப்பாற்றுவது உயிரைவிட்டு இன்னும் விலகிப்போவதாகும் என்பது அவர் கருத்து. மத நம்பிக்கை மருந்துப் பெட்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்ட இடம் இது.

பிறகு 1948. நாஜி மருத்துவர்களின் கொடுமைகள் வெளிவந்த சூட்டில், உலக மருத்துவச் சங்கம் ஜெனீவா பிரகடனத்தை ஏற்றது. மதம், தேசியம், இனம், கட்சி அரசியல், சமூக நிலை எதுவும் என் கடமைக்கும் நோயாளிக்கும் நடுவே வராது என்கிறது அது. அரசன் வெறுப்பவர்களுக்கு வைத்தியம் செய்யாதே என்ற கட்டளைக்கு நேர் எதிர்த்திசை. தெய்வம் போய்விட்டது, மருத்துவர் தன் மானத்தின் பேரில் உறுதி சொல்கிறார். நோயாளியின் சுயாதீனத்தை மதிப்பேன் என்ற வரி அதில் சேர்ந்தது எப்போது தெரியுமா? 2017இல்தான்.

நான்காவது வாசல்

தெய்வம் எல்லா இடத்திலும் போய்விடவில்லை. அரபு நாடுகளின் மருத்துவக் கல்வியாளர்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு, 2014இல் நான்கு வாசல் மாதிரி என்ற ஒன்றை முன்வைத்தது. தன்னோடு, தன் வேலையோடு, பிறரோடு, இறைவனோடு நடந்துகொள்ளும் விதம் என நான்கு வாசல்கள். முதல் மூன்றும் எந்தச் சாசனத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருப்பவை. நான்காவதுதான் புதியது. நடைமுறையில் அதன் பொருள் எளிது: இரவு மூன்று மணிக்கு, மேலதிகாரியும் இல்லாமல் கேமராவும் இல்லாமல், மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்குச் செய்யும் வேலையையும் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற எண்ணம். கண்காணிப்புக் குழுக்களும் புகார்ப் பெட்டிகளும் செய்ய முயல்வதை இந்த எண்ணம் செலவில்லாமல் செய்துவிடுகிறது என்பார்கள் ஆதரவாளர்கள். இறைநம்பிக்கை இல்லாத மாணவர் இந்த வாசலில் எப்படி நுழைவார் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஜப்பானில் "மருத்துவம் ஒரு கருணைக் கலை" என்பது பழைய வழக்கு. மருத்துவக் கல்வியாளர்கள் சிலர் அந்நாட்டுப் பழைய போர்வீரர்களான சாமுராய்களின் அறமான புஷிதோவை 2002 சாசனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புஷிதோ நேர்மை, துணிவு, கருணை, மரியாதை போன்ற ஏழு பண்புகளைச் சொல்கிறது. சாசனம் மருத்துவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறது. புஷிதோ அவர் எப்படிப்பட்ட மனிதராக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. தேர்வு வைத்து மதிப்பெண் போட வசதியானது முதலாவது. நெருக்கடியில் கைகொடுப்பது இரண்டாவதாக இருக்கலாம். பாடத்திட்டம் எழுதுகிறவர்களுக்கு இது உண்மையான தலைவலி.

உண்மை சொல்வதும் ஒரு வழக்கமே

மேற்கத்தியர் உண்மையைச் சொல்வார்கள், கிழக்கத்தியர் மறைப்பார்கள் என்று ஒரு பொதுப்பேச்சு உண்டு. இதை நம்பிவிடுவதற்கு முன் சில எண்களைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847இல் வெளியிட்ட முதல் நெறித்தொகுப்பு, இருண்ட ஆரூடங்களைச் சொல்ல மருத்துவர் முந்தக் கூடாது என்றது. மருத்துவரின் சொல்லும் தோரணையும்கூட நோயாளியின் ஆயுளைக் குறைத்துவிடக்கூடும் என்றும் எச்சரித்தது. 1961இல் சிகாகோவில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, சுமார் 90 சதவீதத்தினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதை விரும்பவில்லை. அதே கேள்வியை 1979இல் வேறொரு அமெரிக்க மருத்துவமனையில் கேட்டார்கள். 97 சதவீதத்தினர் சொல்வதே தங்கள் வழக்கம் என்றார்கள்.

பதினெட்டு ஆண்டுகள். நாடும் மதங்களும் மாறவில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை கூடியிருந்தது. நோயாளி உரிமை இயக்கம் வளர்ந்திருந்தது. சம்மதம் பெறாமல் சிகிச்சை செய்தால் நீதிமன்றம் போக வேண்டிவரும் என்ற நிலை வந்திருந்தது. 1961இல் பொய் சொன்ன அந்த மருத்துவர்கள் தங்களைப் பண்பாளர்களாகத்தான் நினைத்தார்கள். பண்பாடு என்பது மலை மாதிரி அசையாமல் நிற்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இன்னோர் எண். 1995இல் லாஸ் ஏஞ்சலீஸில், 65 வயது கடந்த 800 பேரிடம், பரவிவிட்ட புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம், ஆப்பிரிக்க வம்சாவளியினரில் 88 சதவீதம், மெக்சிகோ வம்சாவளியினரில் 65 சதவீதம், கொரிய வம்சாவளியினரில் 47 சதவீதம் பேர் "சொல்ல வேண்டும்" என்றார்கள். பண்பாட்டு வேற்றுமைக்கு ஆதாரமாக இந்த ஆய்வை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். சரிதான். ஆனால் 47 என்ற எண்ணைத் திருப்பிப் பாருங்கள்: கொரிய வம்சாவளியினரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் சொல்ல வேண்டும் என்கிறார்கள். பெயரை வைத்து முடிவெடுக்கும் டாக்டர் இரண்டில் ஒரு முறை தவறு செய்வார். காசைச் சுண்டிப் பார்ப்பதும் அதுவும் ஒன்றே.

நம்பிக்கை நோயாளியுடையதா, மருத்துவருடையதா?

மதம் மருத்துவமனைக்குள் இரண்டு வழியாக வருகிறது. நோயாளியோடு வருவது ஒன்று, மருத்துவரோடு வருவது மற்றொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

1979இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கார் விபத்தில் சிக்கிய ஒரு பெண்ணை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். இரத்தம் வேகமாக வெளியேறிக்கொண்டிருந்தது. அவருடைய கைப்பையில் செவிலியர் ஓர் அட்டையைக் கண்டெடுத்தார்: நான் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்தவள், எந்தச் சூழ்நிலையிலும் எனக்கு இரத்தம் ஏற்ற வேண்டாம் என்று அதில் எழுதி, கையெழுத்தும் இருந்தது. மருத்துவர் அட்டையைப் பார்த்தார். உயிர் போய்விடும் என்று கருதி இரத்தம் ஏற்றினார். அந்தப் பெண் பிழைத்தார். பிழைத்து வந்து வழக்குத் தொடுத்தார். மருத்துவரின் சிகிச்சையில் கவனக்குறைவு எதுவும் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. சொல்லிவிட்டு, உடல்மீதான அத்துமீறலுக்கு 20,000 டாலர் இழப்பீடும் விதித்தது. மேல்முறையீட்டிலும் 1990இல் அது உறுதியானது.

முதல் தடவை படித்தபோது எனக்கு மருத்துவர்மீது பரிதாபமாக இருந்தது. இன்றும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்த அட்டை, பேச முடியாத நிலை வரும் என்று தெரிந்தே எழுதப்பட்டது. பேச முடியாத நேரத்தில் அது செல்லாது என்றால் வேறு எப்போது செல்லும்? இதே நம்பிக்கையுடைய பெற்றோர் குழந்தைக்கு இரத்தம் வேண்டாம் என்றால், பல நாடுகளின் நீதிமன்றங்கள் ஏற்றச் சொல்கின்றன. குழந்தை எந்த அட்டையிலும் கையெழுத்துப் போடவில்லை.

மருத்துவரின் பக்க நம்பிக்கை வேறு கதை. கருக்கலைப்பில் பங்கேற்க மறுத்ததால் வேலை கிடைக்காமல் போன இரண்டு சுவீடன் பேறுகாலச் செவிலியர்களின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020இல் ஏற்க மறுத்தது. இத்தாலியிலோ, 1978ஆம் ஆண்டுச் சட்டமே மனசாட்சியின் பேரில் விலகும் உரிமையைத் தருகிறது. அங்கே மகப்பேறு மருத்துவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படி விலகியிருக்கிறார்கள். இரண்டுமே ஐரோப்பாதான். விலகும் உரிமை மருத்துவருக்கு இருக்கட்டும். ஆனால் விலகிய பிறகு நோயாளி எங்கே போவார் என்பதற்கும் அவரிடம் பதில் இருக்க வேண்டும். நோயாளி தன் நம்பிக்கையின் விலையைத் தானே கொடுக்கிறார். மருத்துவரின் நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவர்.

எல்லா மோதலும் இவ்வளவு கனமானதில்லை. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையில் 2007இல், தொற்றுப் பரவலைத் தடுக்க, முழங்கைக்குக் கீழே எதையும் அணியக் கூடாது என்ற விதி வந்தது. முழுக்கை அணிவதைத் தங்கள் மார்க்கக் கடமையாகக் கருதிய முஸ்லிம் பெண் மருத்துவர்கள் சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். 2010இல் வந்த வழிகாட்டுதல், நோயாளியைத் தொடும் வேலைக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் மேலுறைக் கைகளை அணியலாம், கையுறையைப் போலவே ஒவ்வொரு முறையும் மாற்றி, கையைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்றது. கிருமிக்கு மதம் கிடையாது. அதைத் தடுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு என்பதும் கிடையாது.

அன்பளிப்பு விஷயமும் இப்படித்தான். நன்றிக்குக் கொடுத்ததை மறுத்தால் அவமதிப்பு, வாங்கினால் லஞ்சம். சீனாவில் அறுவைச் சிகிச்சைக்கு முன் சிவப்பு உறையில் பணம் கொடுக்கும் பழக்கம் பெருகிப்போய், வாங்க மாட்டோம், கொடுக்க மாட்டோம் என்று மருத்துவமனையும் நோயாளியும் ஒப்பந்தம் போட வேண்டும் என 2014இல் அரசே உத்தரவிட்டது. அந்தப் பழக்கத்தைப் பண்பாடு என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. அதை முதலில் வெறுத்தவர்கள் அதே பண்பாட்டைச் சேர்ந்த நோயாளிகள்தான்.

மனப்பாடம் செய்ய முடியாத பாடம்

ஒரு காலத்தில் மருத்துவ மாணவர்களுக்கு இதைப் பட்டியலாகக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த மதத்தவர் இதைச் சாப்பிட மாட்டார், அந்த இனத்தவர் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார் என்று. தேர்வுக்கு நல்லது. வார்டில் ஆபத்து. 1998இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு மாற்றாகப் பண்பாட்டுப் பணிவு என்ற கருத்தை முன்வைத்தார்கள்: பிறரின் பண்பாட்டை முழுதாகக் கற்றுமுடித்துவிட்டதாக ஒருபோதும் நினைக்காதே, உன் பண்பாட்டையும் கூடவே சோதித்துக்கொள்.

அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மனும் சக ஆய்வாளர்களும் சில எளிய கேள்விகளைக் கொடுத்திருந்தார்கள். எதனால் இது வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் அந்த நேரத்தில் தொடங்கியது? இந்த நோயில் உங்களுக்கு எது அதிகப் பயம்? எந்த மதத்தின் பெயரும் இந்தக் கேள்விகளில் இல்லை. பதிலில் மதம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

மறுபடி அந்த நடைபாதைக்கு வருவோம். டாக்டர் மகளிடம், "நானாக எதையும் கொட்டிவிட மாட்டேன். ஆனால் அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். முதலில் அவரிடமே ஒன்று கேட்கிறேன், நீங்களும் உள்ளே வாருங்கள்" என்கிறார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறார். "ஐயா, பரிசோதனை முடிவுகள் வந்திருக்கின்றன. சிலர் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புவார்கள். சிலர் வீட்டில் ஒருவரிடம் பேசச் சொல்வார்கள். உங்களுக்கு எப்படி?"

பெரியவர் செய்தித்தாளை மடித்துத் தலையணைக்கு அருகில் வைக்கிறார். மகளை ஒரு தடவை பார்க்கிறார்.

"என்னிடமே பேசுங்கள் டாக்டர். அவளும் இருக்கட்டும். எத்தனை நாள் என்பதை மட்டும் இன்றைக்குச் சொல்ல வேண்டாம்."